பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது குற்றமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். அரசு பஸ்ஸில் 33 ஆண்டுகள் நடத்துநராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். மகளுக்கும் மகனுக்கும் திருமணம் முடிந்துவிட்டது. பணக் கவலை பெரிதாக இல்லை. பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது. எல்லோரும் "ஏதாவது ஹாபி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். மகன் மாடித் தோட்டத்துக்குப் பத்துப் பைகளும் தக்காளி நாற்றும் வாங்கித் தந்தான். சித்திரை முடிவதற்குள் கருகிவிட்டன. ஓவியம் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டான். இரண்டு வகுப்போடு விட்டுவிட்டேன். இன்றும் அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முதல் டியூட்டிக்கு எழுந்த பழக்கம். மாலையில் கால்கள் தாமாகவே பஸ் நிலையத்துக்குப் போகின்றன. ஒரு டீ குடித்துவிட்டு, பஸ்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். "வேலையற்றவர் மாதிரி அங்கே போய் உட்காருகிறீர்களே, மானம் போகிறது" என்கிறாள் மனைவி. எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு தாயம் விளையாடினாலும் அதே பேச்சுதான். நன்றாகச் சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை பேத்தி தொலைபேசியில் கூப்பிடுவாள் என்று வியாழக்கிழமையே காத்திருப்பேன். ஆனால் வாழ்க்கையில் ரசனை என்ற ஒன்றே எனக்கு இல்லாமல் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் வழித்தடத்தில் "டீச்சர் வீடு" என்று ஒரு நிறுத்தம் உண்டு. அந்த டீச்சர் ஊரைவிட்டுப் போய் 20 ஆண்டுகள் ஆகின்றன. பெயர் மட்டும் நிற்கிறது. நானும் அப்படித்தான் நிற்கிறேன் போலிருக்கிறது. இது நோயா?

பதில்:

ஐயா, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதிலும் பிடிப்பில்லாமல் போவது மனச்சோர்வின் முக்கியமான அறிகுறி என்பது உண்மைதான். ஆனால் மனச்சோர்வு வந்தவருக்குப் புதிதாகத் தந்தது பிடிக்காமல் போவதோடு நிற்காது. முன்பு பிடித்திருந்ததும் சேர்ந்து கசந்துவிடும். பேத்தியின் குரல்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போலிருக்கும். உங்களுக்கு டீ ருசிக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, வெள்ளிக்கிழமைக்கு வியாழக்கிழமையே மனம் தயாராகிறது. இதை வைத்துப் பார்த்தால் நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கடிதத்தை மட்டும் படித்து முடிவு சொல்வது சரியல்ல. இந்த வயதில் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை ஆகியவற்றுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடல் சோர்வு பல சமயம் மனச்சோர்வின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து மனம் கனத்துக் கிடந்தாலோ, பேத்தியின் அழைப்புகூட வேண்டாம் என்று தோன்றினாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அதிகாலை 3 மணி விழிப்பும் எனக்கு வியப்பாக இல்லை. 33 ஆண்டுகள் உங்கள் உடம்புக்குள் ஓடிய கடிகாரம் ஓய்வு ஆணையைப் படித்துவிட்டு நின்றுவிடாது. மாலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும், விழிப்பும் தள்ளிப்போகும். ஆகவே மாலையில் வெளியே இருப்பது நல்லது. அதாவது, பஸ் நிலையத்துக்குப் போவது தூக்கத்துக்கும் உதவுகிறது. மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார். பகலில் படுத்தால் அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். அப்படியும் 3 மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் புரண்டு மல்லுக்கட்டாமல் எழுந்து முகம் கழுவிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தூங்கியவர் 3 மணிக்கு எழுவது பெரிய குறையும் இல்லை.

இனி ரசனைக்கு வருவோம்.

எனக்குப் "பொழுதுபோக்கு" என்ற சொல்லோடு நெடுநாள் சண்டை. பொழுதை என்னவோ வாசலில் வந்து நிற்கும் கடன்காரனைப் போல எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்கிறது அந்தச் சொல். "ஹாபி" என்ற சொல் அதைவிட மோசம். பள்ளி விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் போல அது வந்துவிட்டது. ஓவியம், தோட்டம், இசை, புகைப்படம் என்று கௌரவமான ஐந்தாறு பெயர்கள் இருந்தால்தான் அந்தக் கட்டத்தை நிரப்பலாம் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பஸ் பார்ப்பதையும் தாயம் விளையாடுவதையும் அதில் எழுத யாருக்கும் தைரியம் வருவதில்லை. உங்கள் மகன் நல்ல பிள்ளை. ஆனால் அவர் வாங்கித் தந்த இரண்டும் அவர் ஆசைப்பட்டவை போலத்தான் எனக்குப் படுகின்றன. ஓவியம் கற்க ஆசைப்பட்டது நீங்களா, அவரா?

உங்கள் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் இடுப்பை மட்டும் சாய்த்து நிற்கிறீர்கள். இடது கை விரல் இடுக்குகளில் நோட்டுகள் நீளவாக்கில் மடிந்து வரிசையாக நிற்கின்றன, பத்து ஒரு இடுக்கில், ஐம்பது ஒன்றில், நூறு ஒன்றில். மீதிச் சில்லறை இல்லாதவரின் டிக்கெட்டின் பின்னால் தொகையை எழுதித் தந்துவிட்டு, அவர் இறங்கும் இடத்தில் நினைவாகக் கூப்பிட்டுக் கொடுக்கிறீர்கள். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் கணக்கை முடிக்க வேண்டும். ஏறியவர் எத்தனை பேர், டிக்கெட் வாங்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் யார் என்பதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதைச் சுகமான வேலை என்று ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டீர்கள். ஆனால் அந்த நேரங்களில் உங்களுக்குப் பொழுது போகவில்லை என்று தோன்றியதுண்டா?

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்றொரு உளவியலாளர் இருந்தார். ஹங்கேரியப் பூர்வீகம், அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். வேலைக்குப் போகிறவர்களிடம் பேஜர் கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நிமிடம் என்ன செய்கிறார்கள், மனம் எப்படியிருக்கிறது என்று குறிக்கச் சொன்னார். 1989இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. தன்னை மறந்து ஒன்றில் ஆழ்ந்திருந்த தருணங்கள் ஓய்வு நேரத்தில் இருந்ததைவிட வேலை நேரத்தில்தான் அதிகமாக இருந்தன. ஆனால் அதே மனிதர்கள் வேலையில் இருக்கும்போது வேறெங்காவது இருந்தால் தேவலை என்று விரும்பியிருக்கிறார்கள்! கைத்திறமைக்கும் எதிரே நிற்கும் சவாலுக்கும் பொருத்தம் இருக்கும்போது மனம் ஆழ்கிறது என்பது அவர் கருத்து. திறமைக்கு மீறிய சவால் பதற்றம் தரும். திறமைக்கு வேலையே இல்லாவிட்டால் சலிப்பு வரும். பணி ஓய்வு நாளன்று உங்களிடமிருந்து விசிலையும் பையையும் வாங்கிக்கொண்டார்கள். விரலிலும் கண்ணிலும் தலைக்குள்ளும் இருக்கும் திறமையை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அது இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதற்கு டியூட்டி போட ஆளில்லை என்பதுதான் இன்றைய சிக்கல். ரசனை எங்கும் போய்விடவில்லை.

ஆகவே பஸ் நிலையத்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள். 1970களில் அமெரிக்காவின் ஓரேகான் மாநிலத்தில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவரும் மனிதருக்கு இன்பம் தரக்கூடிய 320 செயல்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றையும் கடந்த 30 நாட்களில் எத்தனை முறை செய்தோம், அது எவ்வளவு பிடித்திருந்தது என்று குறிக்க வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். நண்பர்களோடு டீயோ காப்பியோ குடிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓரேகானில் டீ குடித்தால் சிகிச்சை, விருதுநகர் மாவட்டத்தில் குடித்தால் மானக்கேடா?

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பஸ் நிலையத்தில் நீங்கள் "உட்கார்ந்திருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கிறீர்கள் என்பதைவிட உட்கார்ந்திருப்பதே உங்களுக்கு உறுத்துகிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தோடு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரமும் பாதி ருசியோடுதான் கழியும். அதனால் கையில் ஒரு குறிப்பேடு கொண்டுபோங்கள் என்கிறேன். அறுபது பக்கம், கோடு போட்டது, பள்ளிப் பிள்ளைகள் வாங்குவது போதும். அதில் நிறுத்தங்களின் பெயர்களை எழுதுங்கள். அதிகாரப்பூர்வப் பட்டியல் போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கும், அது வேண்டாம். ஜனங்கள் வாயில் வழங்கும் பெயர்கள்தான் வேண்டும். உங்கள் பக்கம் பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தை "விலக்கு" என்பார்கள். கொங்கு நாட்டுக்குப் போனால் அதே இடம் "பிரிவு". வட மாவட்டங்களில் அது "கூட்டு ரோடு". ஒரே மாதிரி சாலை, ஒரே மாதிரி டீக்கடை, ஒரே மாதிரி காத்திருக்கும் ஜனங்கள். பெயரைக் கேட்டே எந்தப் பக்கம் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் போகிற சாலையில் எனக்குத் தெரிந்தவை இந்தப் பெரிய ஊர்கள் மட்டும்தான். இடையே எத்தனை விலக்குகள், எத்தனை கைகாட்டிகள், வெட்டிவிட்ட எத்தனை மரங்களின் பெயரில் எத்தனை நிறுத்தங்கள் இருக்கும்? அவை எல்லாம் உங்களைப் போன்றவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. நான்குவழிச் சாலை போடும்போது புளியமரம் போய்விடுகிறது. "புளியமரத்தடியில் நிறுத்துங்கள்" என்று கேட்கும் பாட்டிக்கு மட்டும் அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

எதற்காக எழுத வேண்டும், யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் படிக்க வேண்டியதில்லை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு யாருக்கும் காட்டாதீர்கள். குறிப்பாக அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போட்ட மறு நிமிடம் "சூப்பர் அப்பா" என்று நாலு கட்டைவிரல்கள் எழும், மறுநாள் எழாது, அதற்கு மறுநாள் நீங்கள் எழுதமாட்டீர்கள். பிடித்த காரியத்தைத் தேர்வு எழுதுவதாக மாற்றிக்கொள்ள இதைவிடக் குறுக்குவழி இல்லை.

தாயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த ஆசையும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தாயக்கட்டை உங்களிடம் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டையின் நான்கு முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும், ஒரு முகம் வெறுமையாக இருக்கும். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவதற்கு இரண்டே வழிகள். ஆக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்பது சராசரி. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 16இல் ஒரே வழி. எதிர்வீட்டுப் பையன் "எனக்குத் தாயமே விழமாட்டேன் என்கிறது" என்று அழும்போது, அவனை ஒரு தாளில் நூறு உருட்டல்களைக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று தாயத்தை ஒட்டி வந்து நிற்கும். சில நாள் எட்டு, சில நாள் பதினேழு. 33 ஆண்டுகள் தலைக்குள் கணக்குப் போட்டவருக்கு இது பிடிக்காமல் போகாது என்று பந்தயம் கட்டுவேன். சிறுவர்களோடு விளையாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோற்றுப்போய் அவர்களிடம் அடம்பிடித்தால் வேண்டுமானால் வெட்கப்படுங்கள்.

"மனம் வரவில்லை, அதனால் செய்யவில்லை" என்று நினைக்கிறோம். என்னிடம் வருகிறவர்களிடம் நான் பெரும்பாலும் கண்டது தலைகீழாக இருக்கிறது. கை முதலில் போகும், மனம் அடுத்த பஸ் பிடித்து வரும். என் வீட்டு அலமாரியில் மூன்று ஆண்டுகளாகத் திறக்காத நீர்வண்ணப் பெட்டி ஒன்று இருக்கிறது. அழகான தூரிகைகள், விலையும் அதிகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சிதான் வருகிறது. ஆனால் தை மாதத்தில் மொச்சைக்காய் வந்துவிட்டால் போதும். உரித்து, இரவு ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொரு பருப்பாகப் பிதுக்கி எடுப்போம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து லேசாக அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிப் பாத்திரத்தில் விழும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் எதிர்ச் சுவரில் போய் அடிக்கும். உட்காரும்போது "இவ்வளவா!" என்று அலுப்பாகத்தான் இருக்கும். கால் படி முடிந்த பிறகு யாராவது பாத்திரத்தை வாங்க வந்தால் கொடுக்க மனம் வராது. நீர்வண்ணத்தை ஹாபி என்றும் மொச்சை பிதுக்குவதை வேலை என்றும் யார் வகுத்தது என்று நான் யோசித்ததுண்டு.

கருகிப்போன தக்காளிக்காக உங்களை நீங்கள் திட்டிக்கொள்ளாதீர்கள். சித்திரை வெயிலில், சுடுகிற மாடித் தளத்தில், பையில் நட்ட நாற்று வாடியதற்கு ரசனைக் குறைவு காரணமல்ல, பருவம்தான் காரணம். ஆடிப்பட்டம் தேடி விதை என்றுதானே சொல்லிவைத்தார்கள். மீண்டும் முயல ஆசை இருந்தால் மட்டும், பத்துப் பை வேண்டாம், ஓர் அகலமான தொட்டியை எடுங்கள். சமையலறை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி வெந்தயத்தை எடுத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, மண்ணில் தூவி மெலிதாக மூடுங்கள். மூன்று, நான்கு நாட்களில் முளை தலை தூக்கும். மூன்று, நான்கு வாரங்களில் கீரை கிள்ளலாம். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு கைப்பிடி வெந்தயம். ஆசை இல்லாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள். எல்லோரும் செடி வளர்த்தே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இனி உங்கள் மனைவி. அவர் சொல்லும் "மானம்" எனக்குப் பஸ் நிலையத்தைப் பற்றியதாகப் படவில்லை. இத்தனை ஆண்டுகள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து போய்விட்டு இரவு வந்த மனிதர் இப்போது நாள் முழுதும் வீட்டில் இருக்கிறார். உங்கள் மனைவிக்கும் இது புதிது. அந்த வீடு அவர் இத்தனை காலம் ஓட்டிவரும் வண்டி. நீங்கள் நேற்று ஏறிய பயணி. ஏறியவுடன் "அந்தப் பாத்திரத்தை இங்கே வைத்தால் என்ன?" என்று கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கேட்கவில்லை என்றால் மன்னித்துவிடுங்கள். அவருக்கு ஓய்வு ஆணை வரவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் "பொழுது போகவில்லை" என்று சொல்லும்போதெல்லாம் அவர் காதில் அது எப்படி விழும்? 3 மணிக்கு எப்படியும் எழுந்துவிடுகிறீர்கள். அவர் எழும் நேரத்துக்குக் காப்பி தயாராக இருக்கட்டும். காப்பித்தூள் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், திருத்தம் சொல்லாதீர்கள். ஒரு மாதம் கழித்து, பஸ் நிலையத்துக்கு ஒருநாள் உங்களோடு வரச் சொல்லிப் பாருங்கள். வரமாட்டார் என்று நினைக்கிறேன். கேட்டதாவது மனதில் இருக்கும்.

மகனுக்கு ஒரு வரி: தம்பி, இனி அப்பாவுக்கு வகுப்பு எதுவும் வாங்காதீர்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது காரை வீட்டில் வைத்துவிட்டு, அவரோடு அவர் வழித்தடத்து பஸ்ஸில் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்துப் போய்வாருங்கள். ஜன்னல் சீட்டை அவருக்கு விடுங்கள். 33 ஆண்டுகள் நின்றுகொண்டே போனவர்.

ஐயா, "டீச்சர் வீடு" நிறுத்தத்தில் நீங்களே நிற்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த ஒப்பீட்டைவிட அந்த நிறுத்தம் பிடித்துவிட்டது. அந்த டீச்சர் எந்தப் பள்ளிக்குப் போய்வந்தார், எத்தனை மணி பஸ்ஸில் ஏறுவார்? அவர் வருவதற்காக டிரைவர் ஒரு நிமிடம் நிறுத்திவைத்ததால்தான் அந்தப் பெயர் வந்ததா? இப்போது அங்கே ஏறுகிறவர்களுக்கு அந்தப் பெயரின் கதை தெரியுமா? குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதையே எழுதுங்கள். ஆறு மாதம் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பிவைத்தால் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.